போலீஸ் ரேடியோவைப் பூட்டிவிட்டார்கள், இனி கேட்டால் குற்றமா?

கேள்வி, 2024 ஜனவரி 14

சிகாகோவுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. போலீஸ், தீயணைப்பு ரேடியோப் பேச்சைக் கேட்கும் யூனிடன் ஸ்கேனர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். என்க்ரிப்ட் ஆன, அதாவது கீ என்கிற ரகசிய எண் இல்லாமல் புரியாதபடி பூட்டிய போலீஸ் சேனல்களையும் கேட்க வழி இருக்கிறதாமே? காற்றில் வருவது எல்லோருக்கும் பொது, கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது என்கிறார் கூட வேலை செய்பவர். எச்1பி விசாவில் இருப்பதால் முன்கூட்டியே கேட்டுவைக்கிறேன்.

ஜனவரி 14, இரவு

கூட வேலை செய்பவர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை நம்பி மீதிப் பாதியில் காலை விடாதீர்கள்.

அமெரிக்காவில் இதைத் தீர்மானிப்பது 1986இல் வந்த மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது குற்றம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சில விதிவிலக்குகளைக் கொடுக்கிறது. அரசு, போலீஸ், தீயணைப்பு, பொதுப் பாதுகாப்பு ரேடியோ எல்லாம் அந்த விதிவிலக்கில் பெயர் சொல்லியே இருக்கின்றன. கூடவே ஒரு நிபந்தனை: அந்த ஒலிபரப்பு பொதுமக்களுக்கு எளிதில் கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எளிதில் கிடைக்காதது எது என்பதற்கும் சட்டமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன் முதல் வரியிலேயே என்க்ரிப்ட் செய்தது, குரலைக் கலைத்து அனுப்பியது இரண்டும் வந்துவிடுகின்றன.

ஆகவே திறந்த சேனலைத் தாராளமாகக் கேளுங்கள், அனுமதி எதுவும் வேண்டாம். பூட்டிய சேனலை உரியவர் அனுமதி இல்லாமல் பிரித்துக் கேட்டால் மத்தியக் குற்றம், 5 ஆண்டு வரை சிறை. அபராதம் கட்டிவிட்டு மறந்துவிடுகிற டிராஃபிக் டிக்கெட் ரகம் இல்லை இது. விசாவில் இருப்பவர் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஜனவரி 14, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஸ்கேனர் வாங்கவே பயந்துவிடாதீர்கள். ஸ்கேனர் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமில்லை. கடையில் விற்கும் எந்த ஸ்கேனரும் என்க்ரிப்ட் ஆனதைப் பிரிக்காது. சேனலைத் தொடும், பூட்டு என்று தெரிந்ததும் ஒலியை அடைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

எப்படித் தெரிகிறது என்றால், இங்கே போலீஸ் பெரும்பாலும் பயன்படுத்தும் பி25 டிஜிட்டல் முறையில் பேச்சோடு ஒரு சிறிய குறியெண்ணும் போகிறது. 80 என்றால் திறந்த பேச்சு. 84 என்றால் ஏஇஎஸ்-256 என்கிற கெட்டியான பூட்டு. ஏஏ என்றால் ஏடிபி என்கிற மலிவு வகை. ரேடியோ அலை பிடிக்கும் முப்பது டாலர் யுஎஸ்பி டாங்கிளை லேப்டாப்பில் செருகி எஸ்டிஆர்டிரங்க் என்கிற மென்பொருளை ஓட்டினால் இதெல்லாம் திரையிலேயே ஓடும். எந்தக் குழு பேசுகிறது, எந்த ரேடியோ எண், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தெரியும், பேச்சு மட்டும் வராது. வாரக் கடைசியில் இதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னதான் இருக்கிறது அதில் என்று வீட்டில் கேட்பார்கள். பதில் சொல்லத் தெரியாது.

ஜனவரி 16

"ஏடிபி வெறும் 40 பிட் கீதானே, கேமிங் பிசியிலேயே உடைத்துவிடலாமே, அதெல்லாம் என்க்ரிப்ஷன் கணக்கில் வருமா?" என்று ஒருவர்.

வரும். பூட்டு எவ்வளவு கெட்டியானது என்று சட்டம் எங்கேயும் கேட்கவில்லை. அந்தக் காலத்து அனலாக் ரேடியோவில் குரலின் அலையைத் தலைகீழாக்கி அனுப்புவார்கள், கேட்டால் வாத்து கத்துவது போலிருக்கும். அதைத் திருப்பிப் போட ஒரு சின்ன சர்க்யூட் போதும். அதுவும் கலைத்து அனுப்பியதுதான், அதைப் பிரித்துக் கேட்பதும் ஒட்டுக்கேட்பதுதான்.

ஐரோப்பாவிலிருந்து எழுதியவர், அங்கே போலீஸ் பயன்படுத்தும் டெட்ரா என்கிற டிஜிட்டல் ரேடியோ முறையின் பூட்டு உடைந்தது பற்றிச் சொன்னது நல்ல உதாரணம். 2023 ஜூலையில் மிட்நைட் ப்ளூ என்கிற நெதர்லாந்துக் குழு, டெட்ராவின் டிஇஏ1 என்கிற என்க்ரிப்ஷன் முறையில் 80 பிட் என்று சொல்லப்பட்ட கீ உள்ளே 32 பிட்டாகச் சுருங்கிவிடுகிறது என்று காட்டியது. சாதாரண லேப்டாப் போதும் அதற்கு. கால் நூற்றாண்டாக அந்த முறையை ரகசியமாகவே வைத்திருந்ததால் வெளியே யாரும் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. அந்த நவம்பரிலேயே டெட்ராவுக்குத் தரம் வகுக்கும் ஈடிஎஸ்ஐ அமைப்பு எல்லா முறைகளையும் வெளியிட முடிவு செய்தது. இதைக் கண்டுபிடித்தவர்கள் முதலில் அரசுக்குச் சொன்னார்கள், காத்திருந்தார்கள், அப்புறம்தான் வெளியே பேசினார்கள். கண்டுபிடித்த அன்றே பக்கத்துத் தெரு போலீஸைக் கேட்க உட்காரவில்லை.

ஜனவரி 17

ஈபேயில் பழைய மோட்டரோலா போலீஸ் ரேடியோ வாங்கி, அதில் கீ அழிக்காமல் இருந்தால்? இந்தக் கேள்வி இல்லாமல் இந்த விவாதம் எந்த ஊரிலும் முடிந்ததில்லை.

கீ கையில் இருக்கிறது என்பது வேறு, கேட்க அனுமதி இருக்கிறது என்பது வேறு. சட்டத்துக்கு இரண்டாவதுதான் கணக்கு.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஸ்கேனர் சும்மா காது கொடுத்துக் கேட்கும் சாதனம். டிரங்கிங், அதாவது ஒவ்வொரு பேச்சுக்கும் நெட்வொர்க்கே சேனல் ஒதுக்கும் முறையில் இயங்கும் ரேடியோ அப்படியல்ல. சுவிட்சைப் போட்டதும் அது கட்டுப்பாட்டுச் சேனலைத் தேடி, "நான் இந்த எண், வந்துவிட்டேன்" என்று தானாகவே சொல்லும். நீங்கள் பொத்தானைத் தொடவே வேண்டாம். அதாவது லைசென்ஸ் இல்லாமல் போலீஸ் நெட்வொர்க்கில் ஒலிபரப்பிவிட்டீர்கள், அதுவும் காணாமல் போனதாகவோ கழித்துவிட்டதாகவோ பதிவான ஒரு எண்ணில். அங்கே கன்சோலில் உட்கார்ந்திருப்பவர் அந்த எண்ணைப் பார்ப்பார். தூரத்திலிருந்தே ரேடியோவை முடக்கவும் அவர்களால் முடியும். முடக்கியதோடு விடுவார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஜனவரி 20

சரி, அப்படியானால் அனுமதி யார் தருவார்கள்? மூன்று பேர் தனித்தனியாக எஃப்சிசி என்கிற மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எஃப்சிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது அலைவரிசைக்கு லைசென்ஸ் கொடுக்கும், பூட்டுவதா வேண்டாமா என்பதை அந்தந்தத் துறையிடமே விட்டுவிடும். 'கேட்பவர் லைசென்ஸ்' என்று ஒன்று அங்கே கிடையாது. அனுமதி தருவது கீயை வைத்திருக்கும் துறைதான்: நகரப் போலீஸ், ஷெரிஃப், மாநிலக் காவல்.

நடைமுறையில் இப்படி இருக்கும். துறையோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். அவர்கள் சொல்லும் மாடல் ரேடியோவை உங்கள் செலவில் வாங்க வேண்டும், அது ஆயிரக்கணக்கான டாலர். பேசும் வசதியை அணைத்து, கேட்க மட்டும் வருகிற மாதிரி புரோகிராம் செய்து, கீ லோடர் என்கிற கைக்கருவியை ரேடியோவில் செருகி கீயை ஏற்றிக் கொடுப்பார்கள். கீயின் எழுத்துகளை உங்கள் கண்ணில் காட்டமாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் கீயை மாற்றிவிடுவார்கள், அன்றோடு உங்கள் ரேடியோ ஊமை.

இது பெரும்பாலும் செய்தி நிறுவனங்களுக்குத்தான் கிடைக்கிறது. லாஸ் வேகஸ் போலீஸ் 2018இல் பூட்டியபோது ஊடகங்களுக்கு இந்த வழியைத் திறந்துவைத்தது. டென்வர் 2019இல் பூட்டியது. அங்கே நகரம் வைத்த நிபந்தனைகளுக்குச் செய்தி நிறுவனங்கள் சம்மதிக்காமல் இழுபறி ஆனது. அதற்கப்புறம் 2021இல் கொலராடோ ஒரு சட்டம் கொண்டுவந்தது: எல்லாச் சேனலையும் பூட்டும் துறை, ஊடகங்கள் கேட்பதற்கான கொள்கை ஒன்றை வகுத்தே ஆக வேண்டும். கொள்கை வகு என்றுதான் சொல்கிறது, தாராளமாகக் கொடு என்று சொல்லவில்லை. அதில்தான் வித்தையே இருக்கிறது.

ஊடகம் என்றால் யார் என்பது அடுத்த சண்டை. பெரிய டிவி சேனலுக்குக் கொடுப்பார்கள். தன் பேட்டையைப் பற்றி ஃபேஸ்புக் பக்கம் நடத்தும் ஆளுக்கு? அந்த முடிவையும் எடுப்பது போலீஸ்தான். தங்களைப் பற்றி எழுதுபவர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு இதில்தான் நெஞ்சு உறுத்துகிறது, பூட்டியதில் அவ்வளவாக இல்லை.

நான் முன்பு குடியிருந்த புறநகர் ஒன்றில், தனி ஆளாக, ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் எண்ணையும் போட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். டிஸ்பேட்ச், அதாவது அதிகாரிகளைச் சம்பவ இடத்துக்கு அனுப்பும் சேனலை மட்டும் கேட்க ஏதாவது ஏற்பாடு உண்டா என்று. "பொதுமக்களுக்கு அப்படி ஏற்பாடு இல்லை, அக்கறைக்கு நன்றி" என்று பதில் வந்தது. பதில் வந்ததே பெரிது.

ஜனவரி 21

அனுமதி வாங்கிக் கேட்பது புதிய பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். நியூயார்க்கில் வீஜி என்ற பெயரில் புகழ்பெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் ஆர்தர் ஃபெலிக், 1938இல் முறைப்படி அனுமதி வாங்கித் தன் காரில் போலீஸ் அலைவரிசை ரேடியோ பொருத்தினார். போலீஸ் வருவதற்கு முன்பே சில இடங்களுக்குப் போய்விடுவார். டிக்கியில் டைப்ரைட்டர், பல்ப், சுருட்டு, மாற்றுச் சாக்ஸ் எல்லாம் இருக்கும்.

இன்னும் பின்னால் போனால் டிட்ராய்ட். 1928இல் முறையாகப் போலீஸ் ஒலிபரப்பு தொடங்கிய ஊர் அது. அதற்கு முந்தைய சோதனைக் காலத்தில் மத்திய அரசு போலீஸுக்கென்று தனி வகை இல்லாமல் பொழுதுபோக்கு நிலையமாக லைசென்ஸ் கொடுத்ததால், இடையிடையே பாட்டும் போட்டுத் தொலைய வேண்டியிருந்தது. பாட்டு, திருட்டுக் கார் நம்பர், மறுபடி பாட்டு. நேயர் விருப்பம் கேட்டார்களா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 3

சிகாகோவைப் பற்றி நேரடியாகச் சொல்லுங்கள் என்கிறார் கேள்வி கேட்டவர். நியாயம்தான், ஊர் உலகம் எல்லாம் சுற்றிவிட்டேன்.

2020 மே கடைசியில் நகரம் கொந்தளித்த அந்த ராத்திரிகளில், யாரோ போலீஸ் சேனலுக்குள் புகுந்து பாட்டுப் போட்டார்கள், அதிகாரிகள் பேச முடியாமல் மறித்தார்கள். அப்போது சேனல்கள் சாதாரணமாகத் திறந்திருந்தன. 2022இல் நகரம் ஒவ்வொரு மண்டலமாகப் பூட்டத் தொடங்கியது. முழுக்க அடைத்துவிட்டோம் என்ற பெயர் வராமலிருக்க, 30 நிமிடம் தாமதித்த ஒலியை பிராட்காஸ்டிஃபை தளத்தில் விடுகிறார்கள். அதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், அனுமதி தேவையில்லை. உங்களுக்கு நேரடி விடை அதுதான்.

அந்த 30 நிமிடம் என்ன செய்யும் என்று சொல்கிறேன். நான் சிகாகோவின் ராஜர்ஸ் பார்க் பகுதியில் இருக்கிறேன். ஒரு சனிக்கிழமை மாலை டெவன் அவென்யூவில் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், குறுக்குத் தெருவை மஞ்சள் நாடா கட்டி அடைத்திருக்கிறார்கள். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வட்டமடிக்கிறது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே வாருங்கள் என்று சைகை காட்டுகிறார். கையில் ஃபோன் இருக்கிறது, பிராட்காஸ்டிஃபை இருக்கிறது. அதில் ஓடுவதோ அரை மணிக்கு முந்தைய நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திய கார் பற்றிய புகார். சம்பவம் அதில் வரும்போது நான் வீட்டில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். ஆள் எந்தப் பக்கம் ஓடினான் என்று அப்போதுதான் கேட்டேன். நான் நடந்து வந்த பக்கம்.

தாமதம் நிருபருக்குக் கொஞ்சம் உதவும், வழக்கறிஞருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் நிறையவே உதவும். தெருவில் நிற்கிறவனுக்கு ஒன்றுக்கும் உதவாது.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதற்கு நிறைய பேர் கைதட்டியிருக்கிறீர்கள். எனக்கே ராத்திரி தூக்கம் வராமல் மறுபக்கமும் யோசித்தேன். அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை.

அந்தப் புறநகரில் எல்லாம் திறந்திருந்த காலம். சமையல் செய்துகொண்டே கேட்பேன். ஒரு நாள் குடும்பச் சண்டைப் புகார். வீட்டுக்குப் போன அதிகாரி விவரம் சொல்கிறார். அடிபட்ட பெண்ணின் பெயர், எழுத்து எழுத்தாக. பிறந்த தேதி. ஃபோன் நம்பர். கணவர் வீட்டில் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம், அந்தப் பெண் ராத்திரி தங்கப்போகும் அக்கா வீட்டு முகவரி, அபார்ட்மெண்ட் நம்பரோடு. எனக்கு அந்தத் தெரு தெரியும். நான் கரண்டியோடு நிற்கிறேன். என்னைப் போலக் கேட்டுக்கொண்டிருக்கும் எத்தனையோ பேரில் அந்தக் கணவரும் ஒருவராக இருந்தால்?

அன்று ரேடியோவை அணைத்துவிட்டேன். மறுநாள் மறுபடி போட்டேன் என்பதும் உண்மை.

பிப்ரவரி 4, மதியம்

இந்த இடத்தில் கலிஃபோர்னியா சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. 2020 அக்டோபரில் மாநில நீதித்துறை எல்லாப் போலீஸ் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை விட்டது: மக்களின் தனிப்பட்ட விவரங்களும் குற்றப் பதிவுகளும் திறந்த ரேடியோவில் போகக்கூடாது. அதற்கு இரண்டு வழிகளையும் அதுவே சொன்னது. ஒன்று, என்க்ரிப்ட் செய்யுங்கள். அல்லது அந்த விவரங்களை மட்டும் திறந்த சேனலில் பேசாதபடி விதி வகுத்துக்கொள்ளுங்கள்.

பல துறைகள் முதல் வழியைப் பிடித்துக்கொண்டு, மேலிடத்து உத்தரவு, எங்கள் கையில் இல்லை என்றன. பாலோ ஆல்டோ 2021 ஜனவரியில் முழுக்கப் பூட்டியது. உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது. அப்புறம் புதிய போலீஸ் தலைவர் வந்தார். 2022இல் டிஸ்பேட்சை மறுபடி திறந்துவிட்டார்கள். பெயர், லைசென்ஸ் விவரமெல்லாம் ஃபோனிலோ வண்டியிலுள்ள கம்ப்யூட்டரிலோ பார்த்துக்கொள்கிறார்கள். கலிஃபோர்னியா நெடுஞ்சாலைக் காவலும் பூட்டாமலேயே சமாளிக்கிறது. 'முடியவே முடியாது' என்று உங்கள் ஊரில் சொன்னால் இந்த இரண்டு பெயரையும் எடுத்துப் போடுங்கள்.

அந்தப் பெண்ணின் அக்கா வீட்டு முகவரி காற்றில் போகாமலிருக்க, ஊரின் எல்லாப் பேச்சையும் அடைக்க வேண்டியதில்லை. அதிகாரி ஃபோனை எடுத்திருந்தால் போதும்.

பிப்ரவரி 10

"கேட்பவர்கள் வதந்தி பரப்புகிறார்கள், அதற்காகவே பூட்டலாம்" என்றவருக்கு: 2013 பாஸ்டன் மராத்தான் குண்டுவெடிப்புத் தேடலின்போது ஒரு கூத்து நடந்தது. ஸ்கேனரில் அதிகாரி ஒரு குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டும்போது முதல் எழுத்துக்கு "எம், மைக்" என்றார். போலீஸ் உச்சரிப்பு முறையில் எம் என்றால் மைக், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை முதல் பெயராக்கி, இல்லாத ஒரு 'மைக்'கைச் சந்தேக நபராக உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். கேட்கப் பழகாதவன் கையில் ஸ்கேனர் கொடுத்தால் இப்படித்தான். ஆனால் அன்று வதந்தி பரவியது ட்விட்டரில். அதை யாரும் பூட்டச் சொல்லவில்லையே.

மார்ச் 9

காரில் எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க. இதற்கும் என்க்ரிப்ஷனுக்கும் தொடர்பில்லை, திறந்த சேனலுக்கே பொருந்தும். ஃபுளோரிடா, இண்டியானா, கென்டக்கி, மினசோட்டா, நியூயார்க் மாநிலங்களில் வண்டியில் போலீஸ் ரேடியோ கேட்கும் கருவி வைத்திருக்கக் கட்டுப்பாடு உண்டு. சிகாகோவிலிருந்து ஸ்கைவே நெடுஞ்சாலை ஏறினால் கொஞ்ச நேரத்தில் இண்டியானா. வீட்டுக்குள் வைத்துக் கேட்டால் அங்கேயும் பிரச்சினை இல்லை. கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஸ்கேனர் காரில் இருந்தால் பிரச்சினை.

ஹாம் லைசென்ஸ் வைத்திருந்தால் இண்டியானா சட்டமே விலக்குக் கொடுக்கிறது. ஹாம் ரேடியோவில் போலீஸ் அலைவரிசையும் கேட்கிறது என்பதற்காக மட்டும் எந்த மாநிலமும் அதைத் தடுக்கக்கூடாது என்று எஃப்சிசியும் 1993இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. டெக்னீஷியன் என்கிற ஹாம் முதல்நிலைத் தேர்வு 35 கேள்வி, 26 சரியாக இருந்தால் பாஸ். நம் ஆட்களுக்கு மல்டிபிள் சாய்ஸ் என்றால் சொல்லவா வேண்டும். லைசென்ஸ் நகலை டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. குற்றம் செய்வதற்குத் துணையாக ஸ்கேனர் கேட்டால் பல மாநிலங்களில் அது தனிக் குற்றம். இதைப் படிப்பவர் யாருக்கும் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

மார்ச் 10

கேட்டதை வெளியே சொல்லலாமா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு இங்கேயே பதில். 1986 சட்டம் கேட்பதைப் பற்றியது. 1934 தகவல்தொடர்புச் சட்டம், கேட்டதை அடுத்தவருக்கு வெளியிடுவதையும் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்துவதையும் பற்றியது. எஃப்சிசி கொடுக்கும் உதாரணம்: ஒரு டாக்ஸி கம்பெனி போட்டிக் கம்பெனியின் ரேடியோவைக் கேட்டு அவர்களுக்கு முன்னால் வண்டியை அனுப்புவது. விபத்துச் செய்தி கேட்டுவிட்டு முதலில் போய் நிற்கும் இழுவை வண்டிக்காரர்கள் இதைப் படித்துவைப்பது நல்லது. திறந்த போலீஸ் சேனலை இணையத்தில் விடுவது நாடு முழுக்கப் பகிரங்கமாக நடக்கிறது. அதற்காக ஒரு தனி மனிதரின் பெயர், முகவரியைக் கேட்டு நீங்கள் எழுதிப் போடலாம் என்று ஆகாது.

ஏப்ரல் 21

மெதுவாக ஓடும் இழைக்கு ஒரு பிங்க் பொம்மை.

2011இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மேட் பிளேஸ் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் பி25 ரேடியோவை ஆராய்ந்தார்கள். பூட்டை அவர்கள் உடைக்கவே இல்லை. பல நகரங்களில் மத்திய அதிகாரிகளின் அலைவரிசைகளில் திறந்து வருவதை மட்டும் கேட்டார்கள். ரகசியமாகப் பேச வேண்டியவர்கள் என்க்ரிப்ஷன் அணைந்திருப்பது தெரியாமலேயே தினமும் பேசிக்கொண்டிருந்தார்கள், கண்காணிக்கப்படும் ஆட்களின் அடையாளம் உட்பட. சராசரியாக ஒரு நகரத்தில் ஒரு நாளுக்கு 20 நிமிடத்துக்கு மேல். காரணம் அற்பமானது. சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியாது. எதிர்முனை ரேடியோவும் பூட்டியது, பூட்டாதது இரண்டையும் ஒரே மாதிரி ஒலிக்கும். அதனால் யாரும் யாரையும் எச்சரிப்பதில்லை.

சட்டப்படி இது வேடிக்கையான இடம். அதே அதிகாரி, அதே சேனல், அதே விஷயம். சுவிட்ச் போட்டிருந்தால் நீங்கள் கேட்பது குற்றம், மறந்துவிட்டால் குற்றமில்லை.

பொம்மை எங்கே என்றால், பி25 பேச்சை முடக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்றும் பார்த்தார்கள். சிறுமிகள் குறுஞ்செய்தி அனுப்பி விளையாடும் ஒரு பிங்க் கருவி, முப்பது டாலர் அளவில் விலை. அதற்குள் இருந்த சிப்பை மாற்றி எழுதியே வேலையை முடித்தார்கள். இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். ரேடியோவை முடக்குவது, கேட்பதையெல்லாம்விடப் பெரிய குற்றம்.

ஜூன் 1

"என் மாமா அந்தக் காலத்தில் நியூ ஜெர்சியில் ஸ்கேனரில் அடுத்தவர் செல்ஃபோன் பேச்செல்லாம் கேட்பாராம்." கேட்டிருப்பார். அனலாக் செல்ஃபோன் 800 மெகாஹெர்ட்ஸில் திறந்தே போனது. 1986 சட்டம் அதைக் குற்றமாக்கியது. ஆனால் ஸ்கேனர்கள் பிடித்துக்கொண்டேதான் இருந்தன. 1992இல் இன்னொரு சட்டம் போட்டு, செல்ஃபோன் அலைவரிசை பிடிக்கும் ஸ்கேனருக்கே அனுமதி இல்லை என்றார்கள். இன்று நீங்கள் வாங்கும் யூனிடனில் 800க்குள் இரண்டு இடங்களில் ஓட்டை இருப்பது அதனால்தான்.

அதற்கப்புறமும் 1996 டிசம்பரில், ஃபுளோரிடாவில் ஒரு தம்பதி காரில் இருந்த ஸ்கேனரில், அப்போது பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்த நியூட் கிங்ரிச்சும் கட்சிக்காரர்களும் பேசிய கான்ஃபரன்ஸ் காலைப் பதிவு செய்து எதிர்க்கட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். ஆளுக்கு 500 டாலர் அபராதம். அந்த டேப்பைச் சுற்றி இரண்டு காங்கிரஸ் உறுப்பினர்கள் போட்டுக்கொண்ட வழக்கு அதற்கப்புறம் பத்து வருஷம் போல ஓடியது. மாமாவுக்கு அதிர்ஷ்டம்.

ஜூலை 6

சென்னையிலிருந்து ஒருவர்: டாங்கிள் வாங்கி இங்கேயும் இதையெல்லாம் செய்யலாமா?

அமெரிக்க விதிவிலக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். இந்தியாவில் 1933 கம்பியில்லாத் தந்திச் சட்டம், கருவியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதிலிருந்தே தொடங்குகிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு 2024 ஜூன் 26 முதல் அமலுக்கு வந்துவிட்டது. செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் சேனல் திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்ற கேள்விக்கே போக வேண்டாம். ஹாம் தேர்வு எழுதுங்கள், உங்கள் பேண்டில் பேசுங்கள்.

ஆகஸ்ட் 18

நியூயார்க்கில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். 2023 கோடையில் புரூக்ளினில் சில காவல் நிலையங்களிலிருந்து பூட்டத் தொடங்கினார்கள். ரேடியோ மாற்றத்துக்கு மொத்தம் 390 மில்லியன் டாலர். நவம்பரில் நகர மன்றம் விசாரணை நடத்தியது. சிகாகோ போலத் தாமத ஒலி வருமா, ஊடகங்களுக்கு நேரடி அனுமதி வருமா என்பதெல்லாம் அங்கேதான் பேசப்பட்டது. உங்கள் மன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள், 'எல்லாவற்றையும் திற' என்று எழுத வேண்டாம். டிஸ்பேட்ச் திறந்திருக்கட்டும், சோதனை, கண்காணிப்பு, ஸ்வாட் (ஆயுதம் தாங்கிய சிறப்புப் படை) சேனல்கள் பூட்டியிருக்கட்டும், தனி விவரங்கள் வண்டிக் கம்ப்யூட்டரில் போகட்டும் என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் யாராவது படிப்பார்கள்.

ஆகஸ்ட் 25

முதலில் கேட்டவர் ஒருவழியாக யூனிடனின் எஸ்டிஎஸ்100 ஸ்கேனர் வாங்கிவிட்டாராம். போலீஸ் இல்லாமல் இதில் என்ன கேட்பது என்கிறார்.

தீயணைப்பைப் போடுங்கள். ஓ'ஹேர் விமான நிலைய டவர் போடுங்கள், மழை நாளில் அதைவிட விறுவிறுப்பு எதிலும் இல்லை. விமானம், கப்பல் இரண்டையும் 1986 சட்டமே பெயர் சொல்லி அனுமதித்திருக்கிறது. 160, 161 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ரயில்காரர்கள் பேசுவார்கள். மிச்சிகன் ஏரியில் படகு சீசன் முடிவதற்குள் மரைன் சேனல் 16, அதாவது 156.8. பெட்ரோல் தீர்ந்து நடு ஏரியில் நிற்பவர்கள் வாராவாரம் உண்டு. 162.55இல் வானிலை. ராத்திரி ஒன்றும் பிடிக்கவில்லை என்றால் அதை வைத்துவிட்டுப் படுத்துவிடலாம், குளிர்காலம் வரப்போகிறது. ஆன்டெனாவை மட்டும் மாற்றிவிடுங்கள், பெட்டியோடு வரும் ரப்பர் குச்சி உதவாது.